செல்வே: பாறையுள் வாழ்ந்த ஊர்

துருக்கியின் நடுப்பகுதியில், கப்படோசியா என வழங்கும் மேட்டுநிலத்தில், செல்வே என்னும் கைவிடப்பட்ட கிராமம் உளது. மூன்று பள்ளத்தாக்குகளின் சுவர்களிலே குடையப்பட்ட வீடுகளே அவ்வூர். அங்குச் செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வன, கூம்பு வடிவில் ஓங்கி நிற்கும் பாறைகளாகும். சிலவற்றின் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போலக் கரிய கல்லொன்று அமர்ந்திருக்கும். துருக்கியர் இவற்றைத் தேவதைகளின் புகைபோக்கிகள் என்பர்.

இவ்விந்தைக்குக் காரணம் எரிமலையாகும். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிப் பலமுறை கக்கப்பட்ட சாம்பல் படிந்து மென்பாறையாயிற்று. மழையும் நீரோட்டமும் அதனை அரித்தன. மேலே வன்பாறை மூடிய இடங்களில் மாத்திரம் கீழுள்ள மென்பாறை தப்பிக் கூம்பாக எஞ்சியது.

இங்குள்ள குகைகளை நம் நாட்டுக் குகைகளோடு ஒப்புநோக்குதல் பயன்தரும். மிகிந்தலையிலும் வெஸ்ஸகிரியிலும் பௌத்த துறவியர் இயற்கையாய் அமைந்த பாறை ஒதுக்குகளையே உறைவிடமாக்கினர். மழைநீர் உட்புகாதவாறு விளிம்பிலே நீர்வடி வெட்டினர். வன்பாறை அதற்குமேல் எளிதில் இடந்தராது. கப்படோசியப் பாறையோ சிறு கருவிக்கும் இணங்குவது. வெட்டியபின் காற்றுப்பட்டு மேற்பரப்புச் சற்று இறுகுவது. ஆகவே அங்கு மனிதன் குகையைத் தேடவில்லை, தானே அமைத்தான்.

4ஆம் நூற்றாண்டிற் செசாரியாவின் ஆயரான பசிலியார் வகுத்த துறவற நெறி இந்நிலத்திற் கிறிஸ்தவத் துறவு வாழ்வுக்கு ஊக்கமளித்தது. செல்வேயின் சிறு தேவாலயங்களிலே சிலுவையும் மீனும் திராட்சைக் கொடியும் காணப்படுகின்றன. உருவங்களின்றிச் சிலுவை மாத்திரம் அமைந்த ஆலயங்களையெல்லாம் 726 முதல் 843 வரையான உருவ எதிர்ப்புக் காலத்துக்கு உரியனவென அறிஞர் ஒருகாலத்திற் கருதினர். அம்முடிபு இன்று அவ்வாறே ஏற்கப்படுவதில்லை. அலங்காரத்தை மாத்திரம் கொண்டு காலம் கணித்தல் தவறுக்கு இடமளிக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

எனினும், செல்வேயின் வரலாறு துறவியரின் வரலாறு மாத்திரமன்று. பாறையுட் குடைந்த ஆலையும், புகை படிந்த அடுக்களைக் கூரையும், உயரத்தே வெட்டிய புறாக்கூடுகளும் அங்கு உள. புறாவின் எச்சம் கப்படோசிய உழவருக்கு எருவாயிற்று. சிறு பள்ளிவாசலொன்றும் தேவாலயங்களுக்கு அண்மையிலேயே நிற்கின்றது. கோடையிற் குளிர்ச்சியும் பனிக்காலத்தில் இதமும் தந்த அவ்வீடுகளில் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அயலவராக வாழ்ந்தனர்.

அவ்வாழ்வு இருமுறை முறிந்தது. 1923இல் லோசானிற் செய்யப்பட்ட உடன்படிக்கைப்படி துருக்கியும் கிரேக்கமும் தம் குடிகளைப் பரிமாறிக்கொண்டன. யார் செல்வது என்பதை நிருணயித்தது மொழியன்று, சமயமே. கப்படோசியாவின் வைதிகக் கிறிஸ்தவருட் பலர் துருக்கி மொழியையே தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். அம்மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினர். ஆயினும் அவர்கள் தாம் பேசாத மொழியின் நாட்டுக்குச் செல்ல நேர்ந்தது. 1924இன் பின் செல்வேயில் இஸ்லாமியர் மாத்திரமே எஞ்சினர்.

இரண்டாவது முறிவைப் பாறையே விளைவித்தது. அரிப்பினாற் சுவர்கள் பிளந்து சரியத் தொடங்கின. 1952இல் எஞ்சியோரும் அகற்றப்பட்டனர். உளிக்கு இணங்கி வீடு தந்த அதே மென்மை நீருக்கும் இணங்கி வீட்டைப் பறித்தது. 1967இல் வெறுமையான ஊர் திறந்தவெளி அருங்காட்சியகமாயிற்று. 1985இல் கெரேமேயும் கப்படோசியப் பாறைத் தலங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இப்பாதுகாப்பு வேண்டற்பாலதே. ஆயினும், ஓவியமுள்ள சுவரைச் சான்றாகவும் புகை படிந்த சுவரை அழுக்காகவும் கொள்ளும் நோக்கு வரலாற்று நோக்காகாது. துறவியர் சென்ற பின்னரும் தலைமுறை தலைமுறையாக அப்பாறையை உயிருள்ள ஊராக வைத்திருந்தோர் அப்புகையை எழுப்பியவரே. 1952இல் வெளியேறியோர் அயலிற் குடியேறிய ஊர் யெனி செல்வே, அதாவது புதிய செல்வே, எனப் பெயர் பெற்றது. பாறையை அவர்களாற் கொண்டுசெல்ல இயலவில்லை. பெயரைக் கொண்டு சென்றனர். செல்வேயின் வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளத்தாக்கோடு நின்றுவிடாது அப்புதிய ஊருக்கும் செல்லுதல் வேண்டும்.