உடைத்துப் போட்ட விமானம் பறந்த கதை

கான்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டரைப் போட்டு, இரண்டாம் உலகப்போர் காலத்து பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தை இங்கே சக்கேரியில் கிளப்பி, பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஓடுதளத்தில் இறக்குவது. சுமார் 1,500 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன் :-)

ஏன் இந்த ரூட் என்கிறீர்களா? கதையே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்கா தயாரித்த இந்த விமானங்களை, லெண்ட்-லீஸ் ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் விமானப்படை இந்தியாவில் வைத்திருந்தது. 1945ல் போர் முடிந்ததும் அவற்றைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமில்லை. எனவே கான்பூரில் கொண்டுவந்து குவித்தார்கள். இனி யாரும் பறக்கக்கூடாது என்று கருவிகளை நொறுக்கி, என்ஜினுக்குள் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பேங்க் பாஷையில் சொன்னால் முழு 'ரைட் ஆஃப்'.

சுதந்திரம் வந்தது, கூடவே காஷ்மீர் போரும். நம்மிடம் ஒரு கனரக குண்டுவீச்சு விமானம்கூட இல்லை. அப்போது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற பெயரில் இருந்த ஹெச்.ஏ.எல். ஆட்கள் 1948ல் இந்தக் காயலான் கடைக்கு வந்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள். சேதம் குறைந்ததாகப் பொறுக்கி, ஒன்றின் உதிரியை இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை தாங்கினால் போதும் என்ற அளவுக்குத் தேற்றினார்கள். முழு ரிப்பேர் அங்கே போய்த்தான். அப்படி ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போனவர் டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி. ஒன்றிரண்டு இல்லை சார், சுமார் 40!

சிமுலேட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் நான்கு என்ஜினும் சமர்த்தாக உறுமும். ஒவ்வொன்றும் 14 சிலிண்டர், 1,200 குதிரைசக்தி. நாக்பூருக்கு மேலே வேண்டுமென்றே ஒரு என்ஜினை அணைத்துப் பார்த்தேன். விமானம் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலால் தள்ளினால் சரியாகிவிடுகிறது. நிஜ லிபரேட்டரில் பவர் ஸ்டீயரிங் மாதிரி எதுவும் கிடையாது. எல்லாம் கேபிள், கை கால் பலம். 110 அடி இறக்கையை அப்படித்தான் அடக்க வேண்டும். அதுவும் மண் கொட்டிய கிடங்கிலிருந்து எழுந்து வந்த வண்டியில்! இந்த இடத்தில்தான் எனக்கு விளையாட்டு மறந்து போகிறது.

1948 நவம்பரில் 5வது ஸ்குவாட்ரன் இவற்றோடு தயாரானது. பிறகு 6வது ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. ஓய்வு கொடுத்தது 1968ல்தான்.

இதற்குள் உலகில் செய்த 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களில் கிட்டத்தட்ட எல்லாமே உருக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் பீமா மியூசியத்துக்கும் பிரிட்டனின் விமானப்படை மியூசியத்துக்கும் லிபரேட்டர் கிடைத்தது நம்மிடமிருந்து! எழுதித்தள்ளிய கணக்கில் இப்படி ஒரு வசூலை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஒன்று டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் இருக்கிறது. டெல்லிப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வயிற்றுப் பகுதியில் குண்டு போடும் கதவைப் பாருங்கள், நம்மூர் கடை ஷட்டர் மாதிரி மேலே சுருண்டு போகும்.