ஓர்பியூசின் யாழ்

பண்டைக் கிரேக்கர் இசையின் ஆற்றலுக்குக் கொடுத்த மானுட வடிவமே ஓர்பியூசு. அவன் திரேசு நாட்டவன். கலைத்தெய்வமாகிய கலியோப்பியின் மைந்தன். அவன் யாழிசைக்கு விலங்குகளும் மரங்களும் வயப்பட்டன என்பர். பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடிசியை மீட்கவெண்ணி, இறந்தோருலகம் புகுந்து, அதன் அரசனையும் அரசியையும் பாடி நெகிழ்வித்தான். ஆயின், வழியிலே திரும்பிப் பார்த்தலாகாது என்னும் ஆணையை மீறி அவளை மீண்டும் இழந்தான். யாவரும் அறிந்த இக்கதை, தொடக்கத்திலேயே இவ்வாறு முடிந்ததோ என்பது ஆராயத்தக்கது.

ஓமரின் காவியங்களில் ஓர்பியூசின் பெயர் இல்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டினரான இபிக்கசு என்னும் புலவர் அவனைப் புகழ்பெற்றவனாகச் சுட்டுகின்றார். கி.மு. 438இல் ஏதென்சில் அரங்கேறிய யூரிப்பிடிசின் 'அல்கெசுத்திசு' நாடகத்திலே, மனைவியைப் பறிகொடுக்கும் அத்மீத்தசு மன்னன், ஓர்பியூசின் நாவன்மை தனக்கு வாய்ப்பின் அவளை மீட்டுவருவேன் என்கின்றான். தோற்றவன் ஒருவனை அவன் இவ்வாறு எடுத்துக்காட்டுவானோ? ஓர்பியூசு வென்றதாகவும் ஒரு கதை வழங்கியிருத்தல் கூடும் என அறிஞர் சிலர் கருதுவது இதனாலேயே.

எனினும், தோல்விக் கதையும் பழையதே. பிளேட்டோ தமது 'விருந்து' என்னும் உரையாடலிலே, தேவர்கள் மனைவியின் போலியுருவை மட்டுமே காட்டி ஓர்பியூசை வெறுங்கையனாய் அனுப்பினர் என்கின்றார். காதலுக்காக உயிர்விடும் துணிவு அவனுக்கு இல்லையாம். ஆண்டும் திரும்பிப் பார்த்தல் பேசப்படவில்லை. அதனை உருக்கமுற விரித்துரைத்தவர், கி.மு. 29ஆம் ஆண்டளவில் உழவு பற்றிய 'ஜியோர்ஜிக்ஸ்' என்னும் நூலை முடித்த உரோமப் புலவர் வேர்ஜிலேயாவர். அவருக்குப்பின் ஒவிட் அக்கதையை மேலும் பரப்பினார்.

பிற்கால ஐரோப்பிய இசைநாடகத்திலும் இவ்விரு முடிவுகளும் தொடர்ந்தன. 1600இல் புளோரன்சில் திருமண விழாவொன்றின்போது அரங்கேறிய பேரியின் நாடகத்தில் யூரிடிசி மீட்கப்படுகின்றாள். 1607இல் மாந்துவாவில் அரங்கேறிய மொன்ரவேர்டியின் நாடகத்தில் அவள் இழக்கப்படுகின்றாள். 1762இல் வியன்னாவில் குளுக்கு அவளை மீண்டும் உயிர்ப்பித்தார்.

முடிவுகள் மாறினும், வேர்ஜில் கூறும் தோல்வியில் ஓர் உண்மை புலனாகும். ஆண்டுத் தோற்றது யாழன்று. இறந்தோருலகின் வாயிலை இசை திறந்துவிட்டது. பொறுத்திருக்கவியலாத மனித நெஞ்சமே அதனை மீண்டும் அடைத்தது. இசைக்கு இதனினும் உயர்ந்த புகழுரை கூறுதல் அரிது.