நிறை நிறமாலைமானிக் கூடங்கள் (புனே வட்டாரம்)

நிறை நிறமாலைமானி, மூலக்கூறுகளை அயனிகளாக்கி, அவற்றை நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதப்படி பிரித்தறியும் கருவி. எஃப். டபிள்யூ. ஆஸ்டன் 1919இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய கருவி இதன் முன்னோடிகளுள் ஒன்று. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் அயனியாக்கும் முறைகள் 1980களில் கைவந்தன. அதற்காக ஜான் ஃபென், கோயிச்சி தனாக்கா ஆகியோருக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

புனேயில் இக்கருவியின் பயன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகத்திலும், அதன் அருகே 2006இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் (ஐசர்) புதிதாகத் தொகுத்த சேர்மங்களை உறுதிசெய்வதே அன்றாட வேலை. வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மழைநீரின் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு பருவமழையை ஆராய்கிறது. மாஞ்சரியிலுள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் ஏற்றுமதித் திராட்சையில் பூச்சிக்கொல்லி எச்சம் தேடுகிறது. 2010இல் குளோர்மெக்வாட் என்ற பயிர்வளர்ச்சிக் கட்டுப்பாட்டுப் பொருளின் எச்சம் காரணமாக இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் மறுக்கப்பட்டதை நினைத்தால், இந்த அளவீட்டுக்கு விவசாயியின் பணத்தோடு உள்ள தொடர்பு விளங்கும்.

கருவிகளின் தரம் பிரிதிறனில் தெரியும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் இரண்டின் நிறையும் முழு எண்ணில் 28. நுட்பமாக அளந்தால் 27.995, 28.006. பிரிதிறன் குறைந்த நான்முனை வகைக் கருவிக்கு இவை ஒன்றே. ஆர்பிட்ராப், பறத்தல்நேர வகைக் கருவிகள் இத்தகைய சிறு வேறுபாடுகளைப் பிரித்தறியும்.

விலைக்கு வாங்குவது கருவி மட்டுமே. கூடம் அதற்குப் பின்னர்தான் உருவாகிறது. அயனிகள் காற்று மூலக்கூறுகளில் மோதாமல் செல்ல உயர் வெற்றிடம் வேண்டும். டர்போ பம்புகள் இடைவிடாது ஓட வேண்டும். மின்சாரம் போய் வெற்றிடம் கலைந்தால் மீண்டும் நிலைப்படப் பல மணி நேரமாகும். எனவே யுபிஎஸ், சீரான குளிரூட்டல், நைட்ரஜன் இணைப்பு எல்லாம் கருவியோடு சேர்ந்த செலவு. பராமரிப்பு ஒப்பந்தமும் அனுபவமுள்ள இயக்குநரும் இல்லாத கூடங்களில் நல்ல கருவியும் முடங்கிக் கிடக்கும்.

இச்செலவைத் தனிக் கல்லூரிகள் தாங்குவது கடினம். அதனால்தான் அறிவியல் தொழில்நுட்பத் துறை, சைஃப் எனப்படும் பொதுக் கருவி மையங்களை நடத்துகிறது. புனே–மும்பை வழியிலுள்ள தளேகாவ் ஆய்வாளருக்குப் பவாயிலுள்ள ஐஐடி மும்பை மையமும், தமிழ்நாட்டவருக்கு ஐஐடி மெட்ராஸ் மையமும் கட்டண அடிப்படையில் கிடைக்கின்றன. எந்தக் கருவி எங்கே உள்ளது என்பதை 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம்.

மாதிரியைத் தயாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அனுப்புபவருடையது. கரைசலைத் தெளித்து அயனியாக்கும் மின்தெளிப்பு முறைக்கு மாதிரி மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைல் கலவையில் நன்கு கரைந்து, வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். பாஸ்பேட் தாங்கலும் சோப்புப்பொருளும் அயனியாதலை அடக்கிவிடும் என்பதால், அவற்றை நீக்காத மாதிரிகளை மையங்கள் திருப்பி அனுப்புவதும் உண்டு.