பரங்கி: ஒரு சொல்லும் ஒரு நெடும்போரும்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இறங்குகிறது. பின்னர் மணிமுத்தாற்றோடு கலந்து, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றின் நீராகிக் கிழக்குக் கடலில் சேர்கிறது. அது கடலோடு கலக்குமிடம் பரங்கிப்பேட்டை. அந்த ஊரின் பெயரிலுள்ள ‘பரங்கி’, ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில், கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை வந்து சேர்ந்த சொல்லாகும். கள்ளக்குறிச்சிச் சந்தையில் குவித்து விற்கப்படும் பரங்கிக்காயில் அது இருக்கிறது. சித்த மருத்துவத்தின் பரங்கிப்பட்டையிலும், ஒரு கொடிய நோய்க்கு நம் முன்னோர் வைத்த பரங்கிப்புண் என்ற பெயரிலும், சென்னைக்கருகே பரங்கிமலையிலும் அது இருக்கிறது. கடலையே காணாத மலையடிவாரத்து உழவரும் நாள்தோறும் வழங்கும் இச்சொல், சிலுவைப் போர்களின் நாள்களில் ஷாம் நாட்டு முஸ்லிம்களின் நாவில் உருப்பெற்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இஃப்ரஞ்ச் என்னும் பெயர்

‘ஃபிராங்க்’ என்பது மேற்கு ஐரோப்பாவில் வாழ்ந்த ஓர் இனக்குழுவின் பெயர். அரபு நூலோர் அதனை ‘இஃப்ரஞ்ச்’ என்று எழுதினர். கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குக் கிறித்தவர்களை அவர்கள் ‘ரூம்’ என்றே அழைத்தனர். இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. 1095இல் போப் இரண்டாம் அர்பன் கிளர்மாண்ட் நகரில் விடுத்த அழைப்பை ஏற்றுப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய, ஆங்கில மக்கள் பலரும் படையாகத் திரண்டு வந்தனர். அவர்கள் 1099இல் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றிப் பெரும் படுகொலை நிகழ்த்தினர். அதன்பின் அவர்கள் அனைவருக்கும் பொதுப்பெயராக இஃப்ரஞ்ச் நிலைத்தது. பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ என வழங்கிய அது, ஃபகர ஒலி இல்லாத தமிழில் ‘பரங்கி’ ஆயிற்று. சிங்களத்திலும் மலாயிலும் போர்த்துக்கீசியருக்கு இதே பெயரின் திரிபுகளே வழங்கின.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இன்று நாம் கையாளும் ‘சிலுவைப் போர்’ என்பதற்கு ஈடான அரபுத் தொடர் அக்காலத்து முஸ்லிம் வரலாற்றாசிரியர்களின் நூல்களில் இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெயர்த்துக்கொள்ளப்பட்டது. அவர்கள் எழுதியதெல்லாம் இஃப்ரஞ்சுகளின் படையெடுப்பைப் பற்றியே. 1233இல் மறைந்த இப்னுல் அஸீர் (ரஹ்) இந்தப் படையெடுப்பைத் தனித்த நிகழ்ச்சியாகக் கருதவில்லை. ஸ்பெயினில் துலைத்துலா நகர் பறிபோனது, ஸிஸிலித் தீவு கைநழுவியது, ஆப்பிரிக்கக் கரை தாக்கப்பட்டது, பின்னர் ஷாம் தாக்கப்பட்டது ஆகிய அனைத்தையும் ஒரே எழுச்சியின் அடுத்தடுத்த படிகளாக அவர் வரிசைப்படுத்தினார். அந்த வரிசையை இன்னும் நீட்டினால் அது நம் கரையையும் தொடுவதைக் காணலாம்.

போரின் நடுவே அண்டை வாழ்வு

இருநூறு ஆண்டுகள் நீடித்த அப்போர்க்காலம் முழுவதும் வாளோசை மட்டுமே கேட்டதன்று. கிளர்மாண்ட் அழைப்பு விடுக்கப்பட்ட அதே 1095இல் பிறந்தவர் உஸாமா இப்னு முன்கித். வாழ்நாளெல்லாம் இஃப்ரஞ்சுகளோடு போரிட்ட வீரரான அவர், தம் நினைவுக்குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். அக்ஸா பள்ளிவாசலுக்கருகே கிறித்தவ ஆலயமாக மாற்றப்பட்டிருந்த சிறு பள்ளியில், அப்பகுதியைத் தம் வசம் வைத்திருந்த டெம்ப்ளர் வீரர்கள் அவர் தொழுவதற்கு இடம் ஒதுக்கித் தருவர். ஒருநாள் அவர் தொழும்போது இஃப்ரஞ்சு ஒருவன் பாய்ந்து வந்து அவர் முகத்தைப் பிடித்துக் கிழக்கே திருப்பினான். டெம்ப்ளர்கள் அவனை வெளியேற்றினர். அவன் நாட்டிற்குப் புதிதாக வந்தவன், கிழக்கு நோக்காமல் வழிபடுவோரைக் கண்டறியாதவன் என்று கூறி அவரிடம் வருத்தமும் தெரிவித்தனர். நெடுநாள் தங்கிப் பழகியவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை உஸாமா வேறிடங்களிலும் வற்புறுத்துகிறார்.

1184இல் அந்நாட்டைக் கடந்து சென்ற அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், ஒருபுறம் ஸலாஹுத்தீன் (ரஹ்) கரக் கோட்டையை முற்றுகையிட்டிருக்க, மறுபுறம் வணிகக் கூட்டங்கள் இரு தரப்பு நிலங்களிலும் தடையின்றிச் சென்று வந்ததை வியந்து எழுதினார். மூன்றாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 583 ரஜப் 27ஆம் நாள், ஸலாஹுத்தீன் பைத்துல் முகத்தஸை மீட்டபோது, 1099இன் படுகொலைக்குப் பழி தீர்க்காமல், மீட்புத் தொகை பெற்று மக்களை வெளியேற அனுமதித்தார். 1291இல் அக்கா நகர் மீட்கப்பட்டதோடு ஷாம் நாட்டில் இஃப்ரஞ்சு ஆட்சி ஒழிந்தது.

அந்நாள்களில் மஃபர்

அக்கா வீழ்ந்த அந்தக் காலத்தில் நம் கரை எவ்வாறிருந்தது? அரபியர் ‘மஃபர்’ என்றழைத்த தமிழ்க் கரையில், பாண்டிய மன்னருக்கு அமைச்சராகவும் துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருவணிகர் விளங்கினார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் முதலிய துறைகளில் இறங்கின என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வெனிஸ் நகர்க் கிறித்தவரான மார்கோ போலோவும் அதே காயலைக் கண்டு, அதன் செல்வத்தைப் போற்றிச் சென்றார். மத்தியத்தரைக் கடலில் சமயத்தின் பெயரால் இரு நூற்றாண்டுகள் குருதி சிந்தப்பட்ட காலத்தில், நம் கடலில் அப்பெயரால் போரேதும் மூளவில்லை.

கடல் வழியே வந்த பழைய போர்

அக்காவின் வீழ்ச்சியோடு சிலுவை உணர்வு மடிந்துவிடவில்லை. அது மேற்கே ஒதுங்கிற்று. கலைக்கப்பட்ட டெம்ப்ளர் அமைப்பின் போர்த்துக்கல் நாட்டுச் சொத்துகளைக் கொண்டு 1319இல் ‘கிறிஸ்துவின் அமைப்பு’ நிறுவப்பட்டது. 1415இல் போர்த்துக்கீசியர் மொரோக்கோக் கரையின் செப்தா நகரைக் கைப்பற்றினர். கடற்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்றி பின்னாளில் அவ்வமைப்பின் தலைவரானார். 1452, 1455 ஆண்டுகளில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் விடுத்த ஆணைகள், முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்று அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னருக்கு வழங்கின. 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1498 மே மாதம், வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தன. அவற்றின் பாய்களில் தீட்டப்பட்டிருந்தது அந்த அமைப்பின் சிலுவையே.

வந்தவர்களின் நோக்கம் மிளகு மட்டுமன்று. மன்னர் மனுவேல் ஜெருசலத்தை மீட்கும் கனவைப் பேணி வந்தவர். அவருடைய ஆளுநர் அல்புகர்க், நைல் நதியைத் திருப்பி எகிப்தை வறளச் செய்யலாம் என்றுகூடத் திட்டமிட்டவர். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளின் கப்பலைக் காமா மறித்தார். பொருள்களைக் கவர்ந்த பின், பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பயணிகளோடு அதனைத் தீயிட்டு அழித்தார். உஸாமா குறிப்பிட்ட ‘புதிதாக வந்தவன்’ இப்போது பீரங்கியோடு வந்திருந்தான். அவனைத் தடுத்து வெளியேற்ற இங்கே பழகிய பரங்கியர் எவரும் இல்லை.

முத்துக்குளித்துறையும் வேதாளையும்

தமிழ்க் கரையில் இப்போர் முத்தின் மீது வந்து விழுந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வணிகர்களும் கடலில் மூழ்கி முத்தெடுத்த பரவர் சமுதாயத்தினரும் நெடுங்காலம் ஒரே தொழிலின் இரு கைகளாய் இருந்தவர்கள். குத்தகையும் முதலும் பெரும்பாலும் முஸ்லிம்களிடம் இருந்தன. உயிரைப் பணயம் வைத்த உழைப்பு பரவர்களிடம் இருந்தது. 1530களின் முற்பகுதியில் இவர்களிடையே எழுந்த பூசல் குருதி சிந்தும் அளவுக்கு முற்றியது. குதிரை வணிகரான ஜோவாம் டா குரூஸ் என்பவரின் ஆலோசனைப்படி பரவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினர். அதன் விளைவாக 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். புனித சவேரியார் இக்கரைக்கு வந்தது அதன் பின்னர், 1542இல்தான்.

1538இன் தொடக்கத்தில், மண்டபத்தை அடுத்த வேதாளையில், கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படையை மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா தாக்கி முறியடித்தார். அப்படையை நடத்திச் சென்றவர்கள் பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர், அலி இப்ராஹீம் மரைக்காயர் ஆகியோர். முத்துக்குளித்துறை அதன்பின் 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை போர்த்துக்கீசியரின் பிடியில் இருந்தது.

இதனைக் கிறித்தவர், முஸ்லிம் போர் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் வேதாளைக் களத்தின் அணிகளை உற்று நோக்குக. மரைக்காயர்களின் படை சென்றுகொண்டிருந்தது இலங்கைக்கு. சீதாவாக்கையின் மாயாதுன்னைக்கு அவருடைய அண்ணன் கோட்டை மன்னர் புவனேகபாகுவுக்கு எதிராகத் துணை செய்வதே அதன் நோக்கம். சகோதரர் இருவரும் பௌத்தர்கள்; அவர்களில் ஒருவருக்குத் துணை கிறித்தவப் போர்த்துக்கல், மற்றவருக்குத் துணை இந்து மன்னரான சாமூதிரி; சாமூதிரிக்காக உயிர் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். 1600இலோ சாமூதிரியே போர்த்துக்கீசியரோடு சேர்ந்து நான்காம் குஞ்ஞாலியின் கோட்டையை முற்றுகையிட்டார். சரணடைந்த குஞ்ஞாலி கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். வந்தவர்கள் கொண்டு வந்தது சமயப் போர். இங்கிருந்த அரசர்களும் வணிகர்களும் அதனைத் தத்தம் நலனுக்கேற்ப வளைத்துக்கொண்டனர்.

மஃபரீ எழுதிய சாட்சியம்

இப்போர்களைப் பற்றி முஸ்லிம் தரப்பில் நமக்குக் கிடைத்துள்ள தலையாய சாட்சியம் பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் அரபு மொழியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’. 1583 வரையிலான செய்திகள் அதில் உள்ளன. பீஜப்பூர் சுல்தான் அலி ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1942இல் வெளியிட்டார். மக்தூம் குடும்பத்தினர் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘மஃபரீ’ என்னும் அடைமொழி அவர்களின் வேர் தமிழ்க் கரையில் இருந்ததைச் சொல்கிறது. போர்த்துக்கீசியரை அவர் ‘இஃப்ரஞ்ச்’ என்றே பெரிதும் குறிப்பிடுகிறார். இப்னுல் அஸீர் எழுதிய அதே சொல், மூன்றரை நூற்றாண்டு கழித்து, மூவாயிரம் கல் தொலைவுக்கப்பால்!

நூலின் நான்கு பகுதிகளுள் முதலாவது ஜிஹாதின் சட்டங்களைக் கூறுகிறது. அத்தகைய நூலின் மூன்றாம் பகுதி, மலபார் இந்துக்களின் பழக்கவழக்கங்களை நிதானமாக விவரிக்கிறது. முஸ்லிம்கள் அந்நாட்டில் சிறப்போடு வாழ்ந்தது இந்து மன்னர்களின் ஆதரவினால்தான் என்பதை ஷைகு ஸைனுத்தீன் மறைக்கவில்லை. அனைத்திற்கும் மேலாக, இஃப்ரஞ்சுகளின் கொடுமையை வரிசைப்படுத்துமுன், அல்லாஹ் அளித்த அருட்கொடைகளுக்கு நன்றி மறந்து, தமக்குள் பிளவுபட்டு நின்ற முஸ்லிம்களின் குற்றத்தையே அவர் முதலில் எடுத்துரைக்கிறார். எதிரியின் அநீதியைச் சொல்லத் துணிந்த அந்தப் பேனா, தம் சமுதாயத்தின் தவறைச் சொல்லவும் தயங்கவில்லை.

முத்துக்குளித்துறை வரலாற்றை நாம் எழுதும்போது அந்த நேர்மை நம்மிடம் இருக்கிறதா? பரவர்கள் கொச்சிக்குச் சென்றதை ‘காட்டிக்கொடுத்தல்’ என்று பேசுவோர் நம்மில் உண்டு. பூசலைப் பற்றிய பதிவுகள் பெரிதும் போர்த்துக்கீசியர், ஏசுசபையார் எழுதியவை. அவற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது உண்மை. எனினும், மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவனுக்கும் கரையில் அமர்ந்து கணக்கெழுதியவனுக்கும் இடையே நீதி நிலவியிருந்தால், ஒரு சமுதாயமே அறியாத அரசனின் துணையைத் தேடிப் போயிருக்குமா என்ற வினாவை நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். புதிய காவலரும் இலவசமாகக் காக்கவில்லை. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்றே முத்துக்குளிப்போரிடம் ஒரு தனி வரி பெறப்பட்டது. அதனை அம்மக்களின் பிள்ளைகளுக்குப் போதிக்கும் பணிக்கு விட்டுத்தருமாறு சவேரியார் அரசியிடம் வேண்டிப் பெற வேண்டியிருந்தது.

சொல் தேய்ந்தது, படிப்பினை தேயலாகாது

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சி நாயக்கர் ஆட்சியில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் போர்த்துக்கீசியர் குடியேறிய துறை ‘புதுத் துறைமுகம்’ என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ ஆயிற்று. முஸ்லிம்கள் அதனை மஹ்மூது பந்தர் என்றனர். ஊர் மக்களின் நாவில் நின்றதோ பரங்கிப்பேட்டை. இன்று அவ்வூர் வலிமார்களின் தர்காக்களுக்கும் பழம்பெரும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பெயர் பெற்றது. பகைவனைக் குறித்த பெயரைத் தம் ஊர்ப்பெயராக எவ்வித வெறுப்புமின்றிச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம்கள் அங்கே வாழ்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரங்கியர் கொண்டுவந்த காய், கல்வராயன் அடிவாரத்துக் கொல்லைகளில் படர்ந்து, நம் வீட்டுக் கறியாகிவிட்டது.

காலம் சொற்களின் நச்சை இவ்வாறு கழுவிவிடுகிறது. மனிதர்கள்தாம் பழம்போரை மீண்டும் மீண்டும் தூசி தட்டி எடுக்கின்றனர். இன்று முத்துக்குளித்துறைக் கடலில் முத்தும் இல்லை, போர்த்துக்கல்லும் இல்லை. காயலின் முஸ்லிம்களும் மணப்பாட்டின் கிறித்தவர்களும் அதே காற்றையும் அலையையும் பகிர்ந்துகொண்டு அண்டை வீட்டாராகவே இருக்கின்றனர். தொழுது நின்ற உஸாமாவின் முகத்தைத் திருப்பியவனையும், அவனைத் தடுத்து வருத்தம் தெரிவித்தவர்களையும் வரலாறு ஒரே பெயரால்தான் குறித்து வைத்திருக்கிறது. அவ்விருவரையும் வேறுபடுத்திக் காணும் கண்ணை, போரிலேயே வாழ்ந்த உஸாமா இழக்கவில்லை; தம் மக்கள் எரிக்கப்பட்டதை எழுதிய ஸைனுத்தீனும் நீதியை இழக்கவில்லை. அவ்விருவரின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் தகுமா?