ரஜூலாவின் மேற்றளம்: ஒரு கப்பலின் வாழ்நாளும் தமிழர் குடிப்பெயர்ச்சியும்

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து பெரிய முதலியார்சாவடி வழியாகப் புதுவை நோக்கிச் செல்லும் கடற்கரை, தமிழர் கடல்வணிக வரலாற்றில் பழம்புகழ் வாய்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிபுளூசு என்னும் கிரேக்க நூல் குறிக்கும் ‘சோபட்மா’வை மரக்காணத்தோடும், ‘பொதுகே’யை அரிக்கமேட்டோடும் அறிஞர் பொருத்திக் காட்டுவர். இத்துறைகளைச் சொல்லுமிடத்திலேயே, கங்கைக்கும் கீழ்த்திசைப் பொன்னாட்டுக்கும் சென்ற ‘கொலாந்தியா’ என்னும் பெருங்கலங்களையும் அந்நூல் கூறுகின்றது. அப்பழங்கலங்களைப் பற்றி நம்மவர் ஆராய்ந்தெழுதியவை பல. அதே கடலில், அதே திசையில், இருபதாம் நூற்றாண்டில் தமிழரைச் சுமந்து சென்ற நீராவிக் கப்பல்களைப் பற்றி எழுதியவை சிலவே. அவற்றுள் தலையாயதாகிய ரஜூலாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ரஜூலா 1926-ஆம் ஆண்டு கிளாசுகோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பெற்றது. உடையவர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார். அதன் கொள்ளளவு 8,478 டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறை, சிங்கப்பூர் என்பன அது சென்ற வழி. நாகையில் கப்பல் கரையணைய இயலாமையின், பயணிகள் படகேறிச் சென்று கப்பலை அடைந்தனர்.

இக்கப்பலின் தனித்தன்மை அதன் மேற்றளத்தில் உள்ளது. அறைகளில் செல்வோர் ஒரு சிலராக, 5,000-க்கும் மேற்பட்ட மேற்றளப் பயணிகளை ஏற்ற அதற்கு இசைவு வழங்கப்பட்டிருந்தது. இவர்களுக்குக் கட்டில் இல்லை. தாம் கொணர்ந்த பாயை விரித்து, பெட்டியையும் மூட்டையையும் தலைமாட்டில் வைத்து, கடலைக் கடந்தனர். அமைதிக் காலத்துப் பயணத்திற்கு இத்துணைப் பெருந்தொகையினரைக் கருதிக் கட்டிய கப்பல்கள் உலகில் மிகச் சில. இத்தொகை எதனால் வேண்டப்பட்டது?

விடையைச் சட்டங்களில் காணலாம். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி தோன்றியது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியே அதன் முதல். தொழிலாளரின் கப்பற் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. கங்காணியர் ஊர்தோறும் திரட்டியவர்கள், 1922-ஆம் ஆண்டுக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்தின்கீழ், ஆவடி, நாகை முகாம்களில் ஆய்வு செய்யப்பெற்றுக் கப்பலேறினர். ரஜூலா கட்டப்பெற்ற 1926-இல் மட்டும் மலாயா சென்ற இந்தியர் 1,50,000-க்கும் மிகுதி. இரப்பர் விலை உயர்ந்திருந்த காலம் அது. 1930-இல் விலை வீழ்ந்ததும் ஆள்திரட்டல் நின்றது, ஆயிரக்கணக்கானோர் திருப்பியனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிப்பெயர்ச்சியைத் தடை செய்தது. 1953-இல் மலாயா தன் நுழைவு விதிகளைக் கடுமையாக்கியது. இம்மாற்றம் ஒவ்வொன்றும் மேற்றளத்து மக்களை மாற்றியது. முன்னர்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்திருந்த இடத்தில், பின்னர்க் கடைக்காரரும், கணவனிடம் செல்லும் மனைவியரும், பிறந்த ஊர் காண வருவோரும் இருந்தனர். 1969-க்குப் பின் குடியுரிமையற்ற தமிழர் பலர் தொழிலுரிமம் இழந்து, இக்கடல்வழியே தாயகம் திரும்பினர்.

ரஜூலாவின் உடன்பிறப்பாகிய ரோனாவும் 1926-இல் கட்டப்பெற்று இவ்வழியே சென்றதாகும். போர்க்காலத்தில் படைவீரரை ஏற்றிச் சென்ற அது, 1943 நவம்பர் 26 அன்று அல்சீரியக் கடலில் செருமானியரின் வானொலி இயக்கக் குண்டால் மூழ்கியது. மாண்ட அமெரிக்க வீரர் மட்டும் 1,015 பேர். உடன் மாண்ட கப்பற் பணியாளருள் மிகப் பலர் இந்தியர். வீரர்களின் நினைவைப் போற்ற அவர்தம் நாட்டில் சங்கமும் நூல்களும் உள்ளன. பணியாளரை நினைவுகூர்வார் அரியர்.

போருக்குத் தப்பிய ரஜூலா 1973 வரை உழைத்தது. அவ்வாண்டில் இந்தியக் கப்பற் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ எனப் பெயரிட்டது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது. அதே 1973-இல் சென்னை – சிங்கப்பூர் வழியில் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் செல்லத் தொடங்கியது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் பெயர் அது. அவர் தூத்துக்குடியில் எதிர்த்து நின்ற கம்பெனியே ரஜூலாவின் உடைமையாளர் என்பது கருதத்தக்கது. 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தபின் சிதம்பரமும் நின்றது. தமிழகத்திலிருந்து மலேசியாவுக்குச் சென்ற பயணிக் கப்பல்களின் காலம் அத்துடன் முடிந்தது.

கப்பலின் நீளமும் டன்னும் கம்பெனி ஏடுகளில் உள்ளன. மேற்றளத்தில் ஒரு வாரம் எப்படிக் கழிந்தது, வெவ்வேறு சாதியார் எங்ஙனம் உடனுண்டனர், கரை மறைந்தபோது பெண்கள் என்ன பாடினர் என்பன அவ்வேடுகளில் இரா. அவற்றை அறிந்தோர் ரஜூலாவில் வந்தவர்களே. 1973-இல் இருபது வயதினராய் அதில் வந்தோரும் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். ஆகவே, முதுகலை மாணவர் நாகையிலும் கடற்கரையூர்களிலும் அத்தகையோரைத் தேடிச் சென்று, அவர்தம் சொல்லையும் பாட்டையும் பதிவு செய்தல் இன்றே செய்யத்தக்க பணி என யாம் கருதுகின்றோம். பழந்துறைகளின் மண் இன்னும் நூறாண்டு காத்திருக்கும், மனிதர் காத்திரார்.