எழுத்தறியாதவருக்கும் ஒரு தேர்வு



1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்க 30 மதிப்பெண் தேர்வு ஒன்றை வெளியிட்டனர். அதில் 'கண்களை மூடு' என்பதைப் படித்து அப்படியே செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டும். பள்ளிக்கே போகாத பாட்டி இதில் மதிப்பெண் இழந்தால் காரணம் மறதிநோயா, எழுத்தறியாமையா?

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆராய்ந்த மேரி கங்குலி குழுவினர் 1995-இல் இந்தி வடிவத்தை வெளியிட்டனர். படிப்பதற்குப் பதில், கேட்பவர் கண்ணை மூடுவதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். எழுதுவதற்குப் பதில், வீட்டைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்.

வினாத்தாள் தயாரித்தே காலம் கழித்த நான் இதை மெச்சுகிறேன். வீட்டுப் பெரியவர் தடுமாறினால், 'படிக்காதவங்க, வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் பள்ளிக்குப் போனவரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.