வாக்கியமும் திருக்கணிதமும்: மயில்சாமி அண்ணாதுரையின் விண்பணி பற்றிய ஓர் ஆய்வு

சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே சுன்னாகத்துக் கடைகளிலே புதிய பஞ்சாங்கங்கள் வந்துவிடும், வாங்க வருபவரிடம் கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, “வாக்கியமோ, திருக்கணிதமோ?” என்பதே. முன்னோர் வகுத்த வாக்கியங்களை ஆதாரமாகக்கொண்டு கிரகநிலைகளைக் கணிப்பது வாக்கியம். ஆகாயத்திலே கண்ணாற் காணப்படுவதோடு ஒப்பிட்டுக் கணிதத்தைத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். ‘த்ருக்’ என்னும் வடசொல் பார்வையைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான வழக்கு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. சுன்னாகத்திலிருந்து சில மைல் தொலைவிலே, 1823 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியேல் பூவர் பாதிரியாருக்கும், பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாருக்கும், 1829 இன் சந்திரகிரகணத்தின் நேரத்தையும் அளவையும் பற்றி எழுந்த விவாதம் எங்கள் கல்விச் சரித்திரத்திலே பிரசித்தமானது. கணக்கிலே சொன்னது வானத்திலே நிகழ்கின்றதா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. கொங்குநாட்டுக் கிராமமொன்றிலே பிறந்து, பாரதத்தின் முதலாவது சந்திரப் பிரயாணத்துக்குத் தலைமை வகித்த மயில்சாமி அண்ணாதுரை என்னும் பொறியியலாளரின் தொழில்வாழ்க்கை முழுவதையும் கொண்டு நடத்தியதும் இதே கேள்விதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவர் 1958 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆந் திகதி, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிலே பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர்; அவ்வூதியம் குடும்பத்துக்குப் போதாமையால் தையற்றொழிலும் செய்தவர். பள்ளிக்கல்வியைத் தமிழ்மொழி மூலமே பெற்ற அண்ணாதுரை, பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியிலே புகுமுக வகுப்பையும், கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே 1980 இல் இளநிலைப் பொறியியற் பட்டத்தையும், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலே 1982 இல் முதுநிலைப் பட்டத்தையும் முடித்து, அவ்வாண்டிலேயே இஸ்ரோ எனப்படும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்தார். தமிழிலே விஞ்ஞானத்தைக் கற்றல் கூடுமோ என்னும் ஐயம் எங்களிடையே இன்னும் இடைக்கிடை எழுகின்றது. மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலே போதித்து, அதற்குரிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்து, அந்த ஐயத்துக்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே விடையளித்துவிட்டார். கோதவாடி மாணவனின் வாழ்வு அவ்விடைக்கு இன்னொரு சாட்சியம்.

அவருடைய ஆரம்பகாலப் பணிகளிலே ஆராய்ச்சியாளர் கவனம் போதிய அளவு செல்லாத ஒன்றுண்டு. 1985 ஆம் ஆண்டளவிலே, செய்மதியொன்றின் நடத்தையைக் கணினியிலே அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருளை ஆக்கும் குழுவுக்கு அவர் தலைவராயிருந்தார். செய்மதி வானேறிய பின்னர் அதனைத் தொட்டுத் திருத்த எவராலும் இயலாது. தவறான கட்டளையொன்று போய்விட்டால், சூரியனை நோக்கவேண்டிய பலகை இருளை நோக்கும், மின்கலம் வற்றும், கலம் ஊமையாகிவிடும். ஆதலின், மேலே அனுப்பவிருக்கும் கட்டளையை முதலில் இந்தப் போலிச்செய்மதிக்கு அனுப்பி, அது என்ன செய்கின்றதென்று பார்த்து, அதன் பின்னரே மெய்ச்செய்மதிக்கு அனுப்புதல் வழக்கமாயிற்று. இவர் கைவந்த வித்தை, கலத்தைக் கட்டுவதிலும் பார்க்க, கட்டிய கலத்தைத் தொலைவிலிருந்து ஓட்டுவதே என்பதை இங்கே மனங்கொள்ளவேண்டும்.

1988 மார்ச் 17 ஆந் திகதி, சோவியத் நாட்டின் பைக்கனூர்த் தளத்திலிருந்து ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் தொலையுணர்வுச் செய்மதி ஏறிய காலத்தில், அதனை இயக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. தொண்ணூறுகளிலே இன்சாட் வரிசைத் தொடர்புச் செய்மதிகளின் இயக்கத்துக்கு அவர் வந்தார். இவற்றை ஏவூர்தியானது நேராக 36,000 கிலோமீற்றர் உயரத்திலே கொண்டுபோய் இருத்துவதில்லை. நீள்வட்டப் பாதையொன்றிலே விட்டுவிடும். அதன் பின்னர், செய்மதியிலுள்ள 440 நியூற்றன் உந்துவிசையுடைய இயந்திரத்தைப் பலமுறை குறித்த கணத்திலே எரித்துப் பாதையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் எரிப்புக்குப் பின்னும் கலம் மெய்யாகவே எங்கே நிற்கின்றதென்பதை அளந்து, அதற்கிசைய அடுத்த எரிப்பைக் கணித்து மேலே கொண்டுசெல்லவேண்டும். இதனையே நான் திருக்கணிதம் என்கின்றேன். எரித்தல் ஒரு பங்கு வேலை. எரித்தபின் அளந்து பார்த்தல் இரண்டு பங்கு வேலை.

2003 ஓகஸ்ட் 15 ஆந் திகதி பிரதமர் வாஜ்பாய் சந்திரப் பிரயாணத் திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டிலே அண்ணாதுரை அதன் திட்டப் பணிப்பாளரானார். கையிலிருந்த ஏவூர்தி பி.எஸ்.எல்.வி.; சந்திரனை நோக்கிக் கலத்தை நேரே எறியும் வலு அதற்கில்லை. இன்சாட் காலத்து அனுபவம் இவ்விடத்திலே உதவிற்று. 2008 ஒக்ரோபர் 22 காலை சிறீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-11 எடுத்துச்சென்ற, 1,380 கிலோகிராம் எடையுள்ள சந்திரயான்-1, பூமிக்கு மிகக்கிட்டிய புள்ளி 255 கிலோமீற்றரும், மிகத்தூரப் புள்ளி 22,860 கிலோமீற்றருமான பாதையிலே விடப்பட்டது. பூமிக்கு அருகாக வருந்தோறும் இயந்திரத்தை எரிக்க, தூரப்புள்ளி மேன்மேலும் விலகிச்சென்று, ஐந்து எரிப்புகளின் பின் சந்திரனின் தூரத்தை எட்டியது. நவம்பர் 8 இலே கலம் சந்திரனின் ஈர்ப்புக்குட் பிடிக்கப்பட்டு, 12 இலே 100 கிலோமீற்றர் உயர வட்டப்பாதையை அடைந்தது. 14 ஆந் திகதி இரவு, மூவர்ணக்கொடி தீட்டப்பெற்ற மோதுகருவி பிரிந்துபோய்ச் சந்திரனின் தென்துருவப் பகுதியிலே விழுந்தது. அதனைச் சேர்க்கவேண்டுமென்று யோசனை கூறியவர் அப்துல் கலாம் அவர்கள்.

வெற்றிச்செய்தி பத்திரிகைகளிலே நிறைந்திருந்த அந்த நவம்பரிலேயே கலம் சுடத் தொடங்கியது. மேலிருந்து சூரியனும், கீழே வெயிலிற் காய்ந்த சந்திரத்தரையும் ஒருசேரத் தாக்க, உள்வெப்பநிலை 50 பாகை சதமளவை நெருங்கிற்று. பெங்களூருக்கு அண்மையிலுள்ள பியாலாலுவின் 32 மீற்றர் அன்ரனாவினூடாகக் கட்டளைகள் சென்றன: கலத்தை 20 பாகை திருப்பினார்கள், சில கருவிகளை நிறுத்தினார்கள். கருவிகளை இயக்குவதற்கென முன்னரே எழுதிவைத்த அட்டவணை வாக்கியமாக நின்றுவிட, அன்றன்று அளந்த வெப்பத்துக்கேற்ப அன்றன்றைய வேலை தீர்மானிக்கப்பட்டது. பின்னர் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் உணரிகள் பழுதடைந்தன. சுழற்றிமானிகளின் துணைகொண்டு கலத்தை நிறுத்தி, 2009 மே 19 இலே பாதையை 200 கிலோமீற்றருக்கு உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 29 அதிகாலை தொடர்பு முற்றாக அற்றுப்போயிற்று. இரண்டாண்டு எதிர்பார்த்த கலம் 312 நாள் உழைத்தது.

அதைத் தோல்வியென்று சொல்பவர் இன்றும் உளர். அக்கூற்றை நான் ஏற்கேன். தொடர்பற்றுப்போய் ஒரு மாதம் செல்லுமுன், செப்ரெம்பர் 24 ஆந் திகதி, கலத்திற் பொருத்தப்பட்டிருந்த அமெரிக்கக் கனிப்பொருள் வரைபடக் கருவியின் முடிவுகள் வெளிவந்தன. சந்திரத்தரையிலிருந்து தெறித்த ஒளியிலே, ஏறக்குறைய 3 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அடுத்து ஒரு பகுதி குறைந்திருந்தது; அக்குறை ஐதரொட்சிலும் நீர் மூலக்கூறும் விட்ட அடையாளம். அப்பலோ வீரர் கொணர்ந்த கற்களைக் கொண்டு, சந்திரன் முற்றாக உலர்ந்தது என நாற்பதாண்டு நம்பியிருந்த வாக்கியத்தைத் திருத்தியது 312 நாளே வாழ்ந்த இக்கலம்.

பாரதத்தின் செவ்வாய்ப் பிரயாணத்தைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரு தவறு செய்கின்றனர். அதன் திட்டப் பணிப்பாளர் திருநெல்வேலிச் சீமையிலே பிறந்த சுப்பையா அருணன். அண்ணாதுரை அதனை உள்ளடக்கிய நிகழ்ச்சித்திட்டத்தின் பணிப்பாளர். ஒருவருடைய உழைப்பை மற்றொருவர் பெயரில் எழுதுதல் இருவருக்குமே அநீதி. 2012 ஓகஸ்ட் 15 இல் அறிவிக்கப்பட்டு, சுமார் 450 கோடி ரூபா செலவிலே, பதினைந்து மாதத்துக்குள், 2013 நவம்பர் 5 இலே அக்கலம் ஏவப்பட்டது. பூமியும் செவ்வாயும் பிரயாணத்துக்கு வாய்ப்பாக அமையும் காலம் 26 மாதத்துக்கு ஒருமுறையே வருவதாகையால் அந்த அவசரம். சந்திரயானின் அமைப்பிலிருந்து விருத்தி செய்யப்பட்ட கலம், அதே வகை ஏவூர்தி, அதே 440 நியூற்றன் இயந்திரம், பாதையைப் படிப்படியாக உயர்த்தும் அதே முறை. நவம்பர் 11 இலே நான்காவது எரிப்பின்போது எரிபொருள் ஓட்டம் தடைப்பட, தூரப்புள்ளி 1,00,000 கிலோமீற்றரை எட்டாது 78,276 இலே நின்றது. மறுநாளே மேலதிக எரிப்பொன்றினால் அது 1,18,642 கிலோமீற்றராக்கப்பட்டது. நேரே எறியப்பட்ட கலமொன்றுக்கு இத்தகைய இரண்டாவது தருணம் கிட்டுவதரிது. ஏழ்மையினாற் கைக்கொண்ட படிமுறை, பிழையைத் திருத்த அவகாசத்தையும் தந்தது.

ஏறத்தாழ 300 நாள் உறங்கிய அந்த இயந்திரம் மீண்டும் எழுமோ என்பதே எஞ்சியிருந்த பயம். 2014 செப்ரெம்பர் 22 இலே நான்கு விநாடி எரித்துச் சோதித்தனர். 24 ஆந் திகதி காலை, கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 12 நிமிடம் பிடிக்கும் தொலைவிலே, முன்கூட்டியே ஏற்றிவைத்த கட்டளைகளின்படி கலம் தானே திரும்பி, தானே எரித்து, செவ்வாயின் மறைவுக்குட் சென்று வெளிவந்தது. 1985 இலே போலிச்செய்மதிக்குக் கட்டளையனுப்பிப் பழகிய அந்தப் பயிற்சி, கேட்டறிந்து திருத்த நேரமில்லாத இந்தத் தொலைவிலேதான் முழுப்பயனையும் தந்தது.

2015 தொடக்கம் 2018 யூலை வரை அண்ணாதுரை பெங்களூர்ச் செய்மதி நிலையத்தின் பணிப்பாளராயிருந்தார். 2016 இலே பத்மசிறீ விருது பெற்றார். சந்திரயான் அனுபவங்களை ‘கையருகே நிலா’ என்னும் நூலாகத் தமிழிலே தந்தார்.

சந்திரயான்-1 இன் கதைக்கு ஒரு பின்னுரையுண்டு. 2016 யூலை மாதம் 2 ஆந் திகதி, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரன் நிலையத்திலுள்ள 70 மீற்றர் அன்ரனா, சந்திரனின் வடதுருவத்துக்கு 160 கிலோமீற்றர் மேலே நுண்ணலைக் கற்றையொன்றைச் செலுத்திற்று. பக்கமொன்றுக்கு ஒன்றரை மீற்றரேயுள்ள, ஏழு வருடம் ஊமையாயிருந்த கலத்தின் எதிரொலி, நான்கு மணித்தியாலத்துக்குள் இருமுறை கேட்டது. பாதையின் வடிவமும் தளமும் பழைய கணக்கின்படியே இருந்தன. பாதையிலே கலம் நின்ற இடம் மாத்திரம் ஏறத்தாழ 180 பாகை விலகியிருந்தது. கண்டபின் கணக்கைத் திருத்திக்கொண்டனர்.